ஆறு கிலோமீட்டர் பாக்கி

— காலையில ஆறு இருபத்திரெண்டுக்கா? எழுபதாவது பிறந்தநாளும் அதுவுமா அவரை இருட்டுல எழுப்பி ஸ்டேஷனுக்கு விரட்டணுமா ஆல்ஃபோன்ஸ்?

— நீ விரட்டவே வேண்டாம் ரோஸ்விதா. ரயில்னு காதுல விழுந்தாப் போதும், உன் வீட்டுக்காரன் நாலு மணிக்கே ஷூ மாட்டிக்கிட்டு கதவுகிட்ட உக்காந்திருப்பான். நாப்பத்தஞ்சு வருஷமா அவன்கூட ரயில் ஏறி இறங்கறேன். எனக்கு ஓட்மாரைத் தெரியாதா?

— சரி, மேல படிங்க. கேட்கறேன்.

— ஆறு இருபத்திரெண்டுக்கு லாண்ட்ஷுட்ல ஏறறோம். பிளாட்லிங்ல இறங்கி ஏழு நிமிஷத்துல அடுத்த வண்டி. அது மலை ஏறி நேரா செக் எல்லை வரைக்கும் போகுது. அங்க பனி முழங்கால் வரைக்கும் இருக்கும். இருபது நிமிஷம் நின்னு பார்த்துட்டு, அதே வண்டியில கீழே. அப்புறம் பாஸாவ். அங்க ஒரு காபி, நின்னுக்கிட்டே. அப்புறம் ரேகன்ஸ்பர்க். மொத்தம் பதினோரு வண்டி. எல்லாம் ஒரே டிக்கெட்ல, மாநிலம் பூரா செல்லற ஒருநாள் டிக்கெட். சனிக்கிழமைங்கறதால வார நாள் மாதிரி காலை ஒன்பது மணி வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல, நடுராத்திரியிலிருந்தே செல்லும். அதிவேக வண்டியில மட்டும் ஏறக்கூடாது. இதைவிட நல்ல பிறந்தநாள் பரிசு அவனுக்கு யாரு குடுக்கப்போறா?

— சாப்பாடு?

— பையில ரெண்டு ரொட்டி வெச்சுக் குடு.

— கழிப்பறை?

— வண்டிக்குள்ளயே இருக்கு.

— அட சாமி, ஜெயிலுக்குப் போறவனுக்குக்கூட இதைவிட நல்ல ஏற்பாடு பண்ணுவாங்க. ஆல்ஃபோன்ஸ், நான் கேட்டது வேற. நீங்க குடுக்கறது வேற.

— என்ன வேற?

— போன வாரமே ஃபோன்ல தெளிவா சொன்னேன். மூல்டார்ஃப் போகணும், அங்கிருந்து கிளைத்தடத்துல டான்பிக்கல் வரைக்கும் போகணும். அதைச் சுத்தி நாளை அமைச்சுக் குடுங்கன்னு கேட்டேன். உங்க பதினோரு வண்டியும் வடக்கே போகுது, கிழக்கே போகுது. தெற்கே ஒண்ணைக்கூடக் காணோம்.

— அது வந்து, நேரம் ஒத்து வரல.

— மூல்டார்ஃப் இங்கிருந்து ஒரு மணி நேரம். என் அத்தை மகன் சைக்கிள்லயே போவான்.

— சொல்றேன் கேளு. அந்தத் தடத்துக்கு அதுதான் கடைசி சனிக்கிழமை. மறுநாள் ஞாயித்துக்கிழமை புது கால அட்டவணை வருது, தடத்தை மூடறாங்க. கடைசி நாள்னா கேமராவும் கையுமா ஹாம்பர்க்லேர்ந்துகூட வந்து இறங்குவானுங்க. ரெண்டே பெட்டி வண்டி. நிக்க இடம் இருக்காது. எழுபது வயசுல அவனை நசுக்கச் சொல்றியா?

— செக் எல்லையில முழங்கால் பனியில நிக்கலாம், டான்பிக்கல் வண்டியில நிக்கக்கூடாதா?

— அது வேற நிக்கறது.

— நான் கொண்டு வந்த இஞ்சி கேக் இன்னொரு துண்டு எடுத்துக்கோங்க.

— இப்ப எதுக்கு கேக்?

— எடுத்துக்கோங்க. வாய் நிறைஞ்சிருந்தா பொய் வராது. இப்ப நான் பேசறேன், நீங்க மெல்லுங்க. எங்க வீட்டு நடையில அந்த மேப் மாட்டியிருக்கே, பவேரியா ரயில் தடம் பூரா உள்ள மேப். ஒவ்வொரு தடவையும் போயிட்டு வந்து சட்டத்துலேர்ந்து கழட்டி, சாப்பாட்டு மேஜையில விரிச்சு, ஸ்கேல் வெச்சு, போன தடத்துமேல சிவப்புப் பென்சில் ஓட்டுவார். நாப்பத்தொரு வருஷமா அந்தப் பென்சில் சீவின தூளைப் பெருக்கிக்கிட்டு இருக்கேன். ஆனா ஒரு நாளும் கிட்டப் போய்ப் பார்த்ததில்ல. எல்லாக் கோடும் ஒரே மாதிரிதானே இருக்குன்னு விட்டுட்டேன். போன ஞாயித்துக்கிழமை அந்த மேப்போட சட்டக் கண்ணாடியைத் துடைச்சேன். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தேன். பார்த்தா, மேலேர்ந்து கீழ வரைக்கும் சிவப்பு. ஒரே ஒரு இடத்துல மட்டும் நகக்கண் அளவுக்குக் கறுப்பு.

— ம்.

— எர்லபாக்லேர்ந்து டான்பிக்கல். கடைசி ஸ்டேஷனுக்கும் அதுக்கு முந்தின ஸ்டேஷனுக்கும் நடுவுல. ஆறு கிலோமீட்டர்.

— ஆறு புள்ளி ரெண்டு.

— பாருங்க, புள்ளிகூட மறக்கல. நம்ம வீட்டுலேர்ந்து கூப்பிடு தூரத்துல ஆறு கிலோமீட்டர். ஆஸ்திரிய எல்லை வரைக்கும் போய் ஒரு கிலோமீட்டர் பொட்டுத் தடத்தைக்கூட விடாதவர் இதை ஏன் விட்டார்?

— தூங்கியிருப்பான்.

— என்னது?

— எங்களுக்குள்ள ஒரு சட்டம் உண்டு ரோஸ்விதா. தூங்கிக்கிட்டே போன தூரம் கணக்குல சேராது. கண்ணு திறந்திருக்கணும். அதே மாதிரி இருட்டுல போனாலும் சேராது, வெளியே ஏதாவது தெரியணும். ஒரு தடவை எனக்கு கெம்ப்டன் பக்கத்துல பன்னெண்டு கிலோமீட்டர் போச்சு. பியர் குடிச்சுட்டு அசந்துட்டேன். திரும்பப் போய் முழுசா உக்காந்து பார்த்துட்டு வந்துதான் சிவப்பு போட்டேன்.

— ஆல்ஃபோன்ஸ், நாங்க தேனிலவுக்கு லிண்டாவ் போனோம். ராத்திரி பூரா வண்டி. புதுப் பொண்டாட்டி தோள்ல தலை சாஞ்சிருக்கேன். விடிய விடிய என் காதுல என்ன சொன்னார் தெரியுமா? சிக்னல் நம்பர். அந்த மனுஷன் ரயில்ல தூங்கினார்னு எங்கிட்டயே சொல்றீங்களே.

— தேனிலவு கணக்கு வேற.

— எல்லாமே உங்களுக்கு வேற. இங்க பாருங்க, நான் விளையாட்டுக்கு வரல. அவரைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?

— போன புதன்கிழமை. ஏன்?

— எப்படி இருந்தார்?

— கொஞ்சம் பேச்சு கம்மி.

— கொஞ்சமா? தடத்தை மூடறாங்கன்னு பேப்பர்ல வந்த நாளிலிருந்து மனுஷன் மனுஷனா இல்ல. அந்தச் செய்தியைக் கத்தரிச்சு சட்டைப் பையில வெச்சிருக்கார். சட்டை மாத்தினா அதுவும் சட்டை மாறுது. தட்டுல பாதி சாப்பாடு அப்படியே இருக்கு. என்னங்கன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பார். காபி கொண்டு போனா அந்த மேப்புக்கு முன்னால நாற்காலி போட்டு உக்காந்திருக்கார். என்னைப் பார்த்ததும் எழுந்து பல்பு மாத்தற மாதிரி நடிக்கறார். அந்த பல்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கு.

— இவ்வளவு தூரம்னு எனக்குத் தெரியாது.

— அதுக்காகத்தான் வந்தேன். இன்னிக்கு எனக்கு சர்ச்சுல பாட்டு ஒத்திகைன்னு அவர்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். அவங்க அங்க நான் இல்லாம கிறிஸ்துமஸ் பாட்டு பாடிக்கிட்டிருக்காங்க. இந்த சனிக்கிழமையை விட்டா அந்த ஆறு கிலோமீட்டர் அவருக்கு எப்பவுமே இல்ல. நாப்பத்தஞ்சு வருஷம் வரைஞ்ச படத்துல ஒரு பொட்டு குறைஞ்சு போய் நிக்கும். அதைப் பார்த்துக்கிட்டே மிச்ச காலத்தை ஓட்டுவார். நான் அதைப் பார்த்துக்கிட்டே ஓட்டணும். என்னால முடியாது ஆல்ஃபோன்ஸ். எனக்கு அவர் பழையபடி சாப்பிடணும், சிக்னல் நம்பர் சொல்லி என் உயிரை எடுக்கணும்.

— நான் ஒண்ணு சொல்லட்டா? சில படத்துல ஒரு பொட்டு விட்டுப்போனா அது அப்படியே இருக்கறதுதான் நல்லது.

— ஏன்?

— முழுசும் சிவப்பாயிட்டா அவன் அப்புறம் என்ன பண்ணுவான்?

— பக்கத்து மாநிலத்துல தடமே இல்லையா?

— ஸ்வாபியாக்காரங்க பக்கமா? அதுக்கு வீட்டுலயே இருக்கலாம்.

— பேச்சை மாத்தாதீங்க. இதோ பாருங்க, டிக்கெட்டே வாங்கிட்டேன். ஸ்டேஷன் மெஷின்ல, அந்த சனிக்கிழமை தேதி போட்டு. ரெண்டு பேருக்கு. உங்க பேரும் அவர் பேரும் எழுதறதுதான் பாக்கி. கீழ கோடு போட்டு விட்டிருக்கு பாருங்க.

— பேர் எழுதிடாதே. இரு.

— ஏன், நீங்க போகமாட்டீங்களா?

— எழுதிட்டா மாத்த முடியாது. பேர் எழுதாத டிக்கெட் டிக்கெட்டே இல்ல, அடிச்சு எழுதின டிக்கெட் அதைவிட மோசம். யோசிச்சு எழுதணும்.

— நீங்க அவர்கூட அந்தத் தடத்துல போனதே இல்லையா?

— போயிருக்கோம்.

— எத்தனை தடவை?

— மூணு தடவை. தொண்ணூத்தி ஒண்ணுல, ரெண்டாயிரத்து நாலுல, அப்புறம் அந்தப் பெரிய வெள்ளம் வந்த வருஷம்.

— மூணு தடவை போயும் சிவப்பு விழலையா?

— எனக்கு விழுந்தது.

— அப்படின்னா?

— ரோஸ்விதா, வேண்டாம். நான் வாக்கு குடுத்திருக்கேன்.

— ஆல்ஃபோன்ஸ், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. டான்பிக்கல்ல யாராவது அவர்கிட்ட ஏதாவது சொன்னாங்களா? இல்ல, அந்த ஊரைப் பத்தி அவருக்கு ஏதாவது தெரிய வந்ததா? அதனால அங்க போக மாட்டேங்கறாரா?

— டான்பிக்கல்ல தெரிய என்ன இருக்கு? ஒரு சர்ச், ஒரு மர அறுவை மில்லு, வாசல்ல ஒரு வாத்துக் குட்டை.

— ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன்.

— உன் முகம் ஏன் வெளுக்குது?

— அடுப்புச் சூடு. நீங்க சொல்லுங்க. மூணு தடவை போனப்ப என்ன ஆச்சு?

— அவன் எர்லபாக்ல இறங்கிடுவான்.

— இறங்கிடுவாரா?

— மூணு தடவையும். எர்லபாக்ல வண்டி நாலு நிமிஷம் நிக்கும். அங்க ஒற்றைத் தண்டவாளம், எதிர் வண்டி வந்து சேர்ந்தாத்தான் மேல விடுவாங்க. நீங்க ரெண்டு பேரும் சந்திச்ச காலத்திலும் நாலு நிமிஷம், இன்னிக்கும் நாலு நிமிஷம். அந்தத் தடத்துல மாறாதது அது ஒண்ணுதான். வண்டி நின்னதும் எழுந்து, தொப்பியைப் போட்டுக்கிட்டு, நீ போயிட்டு வா ஆல்ஃபோன்ஸ், நான் இங்க இருக்கேன்னு சொல்லிட்டு இறங்கிடுவான். நான் தனியா டான்பிக்கல் போயிட்டுத் திரும்பி வருவேன். நாப்பது நிமிஷம். அவன் அதே பெஞ்சுல உக்காந்திருப்பான். ஒரு தடவை ஆலங்கட்டி மழை பெய்யுது, அப்பவும் உக்காந்திருக்கான். முகத்தைப் பார்த்தா சர்ச்சுலேர்ந்து வந்தவன் மாதிரி இருக்கும்.

— அது நாங்க முதல்ல பார்த்த ஸ்டேஷன்.

— அது ஊருக்கே தெரியுமே. உங்க கல்யாண நாள் விருந்துல வருஷா வருஷம் அவன் கரண்டியால கிளாஸைத் தட்டிட்டு சொல்வானே. அவன் எர்லபாக்ல இருக்கற அத்தையைப் பார்க்கப் போனான், நீ அங்க தையல்காரிகிட்ட உடுப்புக்கு அளவு குடுக்கப் போனே, ஒரே வண்டி, ஒரே பெட்டி, இறங்கினா கொட்டற மழை, ஸ்டேஷன் பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில ரெண்டு மணி நேரம் ஈரல் உருண்டை சூப். எனக்கு அந்தக் கதை தூக்கத்துல கேட்டாலும் தெரியும்.

— தூக்கத்துல கேட்டா கணக்குல சேராது.

— நல்லாத் திருப்பிக் குடுக்கறே.

— அங்க உக்காந்து பழசை நினைச்சுக்கறார்னே வெச்சுப்போம். அதுக்கு எதுக்கு வாக்கு, சத்தியம்? என்கிட்ட சொன்னா நானும் கூடப் போய் உக்காந்திருப்பேனே.

— சொல்ல முடியாம மாட்டிக்கிட்டான் ரோஸ்விதா. சொன்னா அத்தையைப் பத்தியும் சொல்லணும்.

— அத்தைக்கு என்ன?

— கேக்கை அந்தப் பக்கம் நகர்த்து. என்மேல எறியறதுக்கு வாகா வெச்சிருக்கே.

— ஆல்ஃபோன்ஸ்.

— அத்தையே இல்ல.

— எந்த அத்தை?

— எர்லபாக் அத்தை. குனிகுண்டே அத்தை. அப்படி ஒருத்தி பிறக்கவே இல்ல.

— குனிகுண்டே அத்தை நாங்க சந்திச்ச ரெண்டாம் மாசம் செத்துப்போனாங்க.

— சாகடிச்சான். நீ நேர்ல பார்க்கணும், பலகாரம் கொண்டு போய்க் குடுக்கணும்னு நச்சரிச்சியாம். வேற வழியில்லாம சாகடிச்சான்.

— நாப்பத்தொரு வருஷமா ஆல்ஃபோன்ஸ். வருஷா வருஷம் இறந்தவங்க திருநாள்ல என் அம்மாவுக்கு ஒரு மெழுகுவத்தி, என் அப்பாவுக்கு ஒண்ணு, குனிகுண்டே அத்தைக்கு ஒண்ணு. அவர் பக்கத்துலயே தொப்பியைக் கழட்டிட்டு நின்னுக்கிட்டிருப்பார்.

— அவனுக்கு அதுதான் பெரிய தண்டனைம்பான். நவம்பர் வந்தா எங்கிட்ட புலம்புவான்.

— போன மாசம் காத்துல அந்த மெழுகுவத்தி மட்டும் அணைஞ்சுது. அத்தைக்கு ஏதோ குறைன்னு ரெண்டாவதா ஒண்ணு வாங்கி ஏத்தினேன். அதுவும் பெரிய சைஸ்.

— சிரிக்கறியா அழறியா?

— ரெண்டும். இருங்க, மூக்கைத் துடைச்சுக்கறேன். அத்தை இல்லைன்னா அவர் எதுக்கு எர்லபாக்ல இறங்கினார்?

— அவன் எங்க இறங்கவேண்டியவன்? டான்பிக்கல் வரைக்கும் போகவேண்டியவன். அந்தத் தடத்தைச் சிவப்பாக்கத்தான் கிளம்பினான். அப்பல்லாம் நாங்க கிளைத்தடம் ஒண்ணு ஒண்ணா முடிச்சுக்கிட்டு இருந்தோம். அந்த வாரம் எனக்குக் காய்ச்சல், அவன் தனியாப் போனான். மூல்டார்ஃப்ல நீ ஏறினே. எதிர்ல உக்காந்தே. இவன் தன் கையில இருந்த பிரெட்ஸெல் ரொட்டியில பாதியைக் குடுத்தானாம், நீ வாங்கிக்கிட்டியாம்.

— பாதி இல்ல. கால்வாசி. பெரிய பாதியை அவர் வெச்சுக்கிட்டார்.

— முக்கால் மணி நேரம் இவன் எஞ்சினைப் பத்தியே பேசியிருக்கான். நீயும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கே. அவன் வாழ்க்கையில அதுவரைக்கும் எந்தப் பொண்ணும் பத்து நிமிஷத்துக்கு மேல தாங்கினதில்ல. எர்லபாக்ல வண்டி நின்னுது. நீ சட்டுனு எழுந்து நின்னே. இவனுக்கு உயிர் போயிருச்சு. ஐயோ இறங்கப்போறாளே, பேர்கூடக் கேக்கலையேன்னு. உடனே மேல் தட்டுல இருந்த உன் பெட்டியை எடுத்துக்கிட்டு, நானும் இங்கதான் இறங்கறேன், எங்க அத்தை வீடு இங்கதான்னு உளறிட்டு, விறுவிறுன்னு பிளாட்ஃபாரத்துல போய் நின்னுட்டான்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, ஆறு கிலோமீட்டர் பாக்கியோட வண்டி அவனை விட்டுட்டுப் போயிருச்சு. தடத்துல கடைசி ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாடி இறங்கறதுன்னா எங்க ஆளுங்களுக்கு எப்படித் தெரியுமா? விரலை வெட்டிக்கறது தேவலை. அடுத்த வாரம் நான் கேட்டேன், என்னடா டான்பிக்கல் முடிச்சியான்னு. முடிக்கல, முடிக்கவும் மாட்டேன்னான். அந்த ஆறு கிலோமீட்டரை ஒரு பொண்ணுக்குக் குடுத்துட்டேன், அதைத் திரும்ப வாங்க மாட்டேன்னான். அதோட எங்கிட்ட வாக்கு வாங்கிட்டான். அந்த மேப்புல உன் பேர் எங்க இருக்குன்னு யாராவது கேட்டா, ரோஸ்விதா, அந்தக் கறுப்புப் பொட்டுதான்.

— அந்தக் கைக்குட்டையை இப்படி எடுங்க.

— அழாதே. கெட்டிக்காரத்தனமா நடந்துக்கறேன்னு நினைச்சு நான்தான் உளறிக் கொட்டிட்டேன்.

— உளறல. இத்தனை நாள் சொல்லாம இருந்ததுதான் தப்பு. எனக்கும் ரயிலுக்கும் நடுவுல எனக்கு ரெண்டாவது இடம்னு நான் நாப்பத்தொரு வருஷமா அவரைக் குத்திக்காட்டிக்கிட்டு இருக்கேன் ஆல்ஃபோன்ஸ். பேரப்பிள்ளைங்க முன்னாடிகூட. ஒரு நாள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல அந்த மனுஷன்.

— பேசினா அத்தை வந்துடுவாளே.

— அவர் ஏன் இப்ப சாப்பிடலைன்னு புரியுது. மூடிட்டா அந்தப் பொட்டுக்கு அர்த்தம் போயிடும். விட்டுக்குடுத்ததா இருந்தது வெறும் விட்டுப்போனதா ஆயிடும்.

— அதேதான். அவனுக்கே சொல்ல வரல, நீ சொல்லிட்டே.

— பேனாவைக் குடுங்க.

— எதுக்கு?

— பேர் எழுத. ஓட்மார் முதல்ல. அடுத்த கோட்டுல ரோஸ்விதா. உங்களுக்கு இந்த டிக்கெட்ல இடமில்ல, கோவிச்சுக்காதீங்க.

— கோவிக்க என்ன இருக்கு? அந்த ஆறு கிலோமீட்டர்ல எனக்கு எப்பவுமே இடம் இருந்ததில்ல. ஆனா நீ ரயில்ல அவன்கூடப் போனதே தேனிலவோட சரி. நாள் பூரா தாங்குவியா?

— அதுக்குத்தான் நீங்க இருக்கீங்க. பதினோரு வண்டியைக் கிழிச்சுப் போட்டுட்டு எனக்கு ஏத்த மாதிரி ஒண்ணு எழுதுங்க. எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

— மூல்டார்ஃப்லேர்ந்து டான்பிக்கல் வரைக்கும் சனிக்கிழமைகள்ல ரெண்டே வண்டி. பன்னெண்டு முப்பத்தெட்டு, நாலு இருபது. நாலு இருபது கூடாது. டிசம்பர்ல எர்லபாக் வர்றதுக்குள்ள இருட்டிடும், கணக்குல சேராது. அதனால பன்னெண்டு முப்பத்தெட்டு. அதுக்கு இங்கிருந்து பதினொண்ணு எட்டுக்கு ஏறினாப் போதும்.

— பார்த்தீங்களா, கேக் வெட்டி, வயிறார சாப்பிட்டு, நிதானமாப் போகலாம்.

— போக ரெண்டு, வர ரெண்டு, நாலே வண்டி. ஒருநாள் டிக்கெட்டுக்கே அவமானம். சரி, திரும்பும்போது பாஸாவ் வழியாச் சுத்தி வாங்க, நாலு வண்டி சேர்த்து விடறேன். என் மனசுக்காக.

— சேர்த்து விடுங்க. நின்னுக்கிட்டே காபி மட்டும் வேண்டாம்.

— உக்காந்து காபி, முப்பத்தஞ்சு நிமிஷம். எழுதிட்டேன். டிரைவர் பக்கம் பார்த்து முதல் சீட்டுல உக்காருங்க, இடது பக்கம். டான்பிக்கலுக்கு முன்னால ஒரு வளைவு வரும், கீழ ஆறு ஓடறது தெரியும். மூணு தடவையும் நான் அதைப் பார்த்துட்டு வந்து அவன்கிட்ட சொன்னதே இல்ல. சொன்னா ஏங்கிடுவான்.

— எர்லபாக்ல அவர் எழுந்தா என்ன பண்றது?

— எழுவான். பழக்கதோஷம். தொப்பியை எடுப்பான்.

— சட்டை நுனியைப் பிடிச்சு உக்கார வெச்சுடறேன். அத்தை நம்ம வீட்டுக்கே வந்து எல்லாம் சொல்லிட்டாங்கன்னு சொல்றேன்.

— என் பேரைச் சொல்லாதே. அத்தை சொன்னதாவே இருக்கட்டும். சரி, எல்லாம் முடிஞ்சுது, நான் ஒண்ணு கேட்கலாமா? இது ஓட்மாருக்கும் ரொம்ப நாள் சந்தேகம். உங்கிட்ட கேக்க பயம், கேட்டா பேச்சு அத்தை பக்கம் போயிடுமேன்னு.

— கேளுங்க.

— அந்தப் பெட்டி. கையில வாங்கினதும் தோள்பட்டையே இறங்கிடுச்சும்பான். தையல்காரிகிட்ட அளவு குடுக்கப் போற பொண்ணுக்கு எதுக்கு அவ்வளவு கனமான பெட்டி?

— அதை நாப்பத்தொரு வருஷமா யாரும் கேட்கலையேன்னு நினைச்சேன்.

— இப்ப கேட்டாச்சு.

— உங்க வாக்கை மீறினீங்க இல்ல, நானும் என்னோடதை மீறறேன். எர்லபாக்ல எந்தத் தையல்காரியும் இல்ல.

— இல்லையா?

— அவருக்கு ஒரு அத்தை மாதிரி எனக்கு ஒரு தையல்காரி. நான் சாகடிக்கல, வேற ஊருக்குக் குடி மாத்தி விட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

— அப்ப நீ எங்க போய்க்கிட்டு இருந்தே?

— டான்பிக்கலுக்கு. அங்க பிளாட்ஃபாரத்துல ஹூபர்ட்னு ஒருத்தன் பூங்கொத்தோட நின்னுக்கிட்டிருந்தான், பக்கத்துல அவங்க அம்மா. மர அறுவை மில்லு அவங்களோடதுதான். ஒரு மாசம் அவங்க வீட்டுல தங்கி, வசந்தத்துல கல்யாணம்னு பேச்சு. பெட்டியில இருந்தது ஒரு மாசத்துத் துணி. நல்லவன்தான், பாவம். மறுநாள் கடுதாசி போட்டேன்.

— கடவுளே. அதனாலதான் டான்பிக்கல்ல யாராவது ஏதாவது சொன்னாங்களான்னு கேட்டியா?

— அவருக்குத் தெரிஞ்சுதான் அந்தப் பக்கம் போகமாட்டேங்கறார்னு ஒரு வாரமா எனக்குத் தூக்கமில்ல. போகாம இருந்தது எனக்காகன்னு கனவா கண்டேன்?

— ஒரு நிமிஷம். கணக்கு இடிக்குது. டான்பிக்கல் போகவேண்டியவ எர்லபாக்ல எதுக்கு எழுந்து நின்னே? அங்கதானே எல்லாமே ஆரம்பிச்சுது.

— மழைச்சாரல் உள்ள அடிச்சுது ஆல்ஃபோன்ஸ். ஜன்னலைச் சாத்தத்தான் எழுந்தேன். சாத்திட்டுத் திரும்பறேன், என் பெட்டியும் அவரும் பிளாட்ஃபாரத்துல நிக்கறாங்க.

— ஆனா வண்டி அங்க நாலு நிமிஷம் நிக்குமே. கீழ இறங்கி, பெட்டியை வாங்கிக்கிட்டு, மறுபடி ஏறியிருக்கலாமே.

— ஏறியிருக்கலாம். நாலு நிமிஷமும் மழையில நின்னு நல்லா யோசிச்சுட்டுத்தான் ஏறலை.